சாமான் வந்திருக்கு

எங்கள் அமைப்பின் பெயரில் கலை இருந்தது, இலக்கியம் இருந்தது, வளர்ச்சி என்றும் ஏதோ இருந்தது. அவ்வளவு நீளப் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. கடைசிச் சொல்லை மட்டும்தான் சொல்வார்கள். அந்தக் கடைசிச் சொல் 'இயக்கம்'.

அந்தப் பெயரை வைத்தபோது நான் பிறந்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை வகுப்பறையில் சில ஆசிரியர்கள் கூடி, எழுதுகிறவர்களுக்கு ஒரு மேடையும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அலுமாரியும் வேண்டும் என்று தொடங்கியது அது. அந்த நாளில் இயக்கம் என்றால் அசைவு, முயற்சி, நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்வது. நான் தோளில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரேயொரு பொருள்தான் மிஞ்சியிருந்தது. வடக்கில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்கள். கொழும்பில் பஸ்ஸுக்குள் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

போதாததற்கு எங்களுக்கு ஒரு தலைவரும் இருந்தார். 'தலைவர்' என்றாலும் அந்தக் காலத்தில் ஒருவர்தான்.

எங்கள் தலைவர் இளைப்பாறிய கல்வி அதிகாரி. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். நீரிழிவுக்காரர், எங்கள் பேச்சில் சீனி வருத்தம். வீட்டுக்குப் பால் வாங்கப் போகும்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். "பெயரை மாற்றினால் என்ன ஐயா? சங்கம், வட்டம் எண்டு ஏதாவது..." என்று நான் ஒருமுறை கேட்டேன். "வட்டம் ஓரிடத்திலேயே சுற்றும், பிள்ளை. நாம் நகர வேண்டும்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நான் செயலாளரானது என் திறமையால் அல்ல. எங்கள் செயலாளர்கள் எல்லோரும் விசா வரும் வரைக்கும்தான் செயலாளர்கள். ஒருவர் லண்டன் போனார், அடுத்தவர் ரொறன்ரோ. மூன்றாமவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற கிழமை வெள்ளவத்தையில் கவியரங்கம் வைத்தார்கள். மின்விசிறிக்குக் கீழே பிள்ளையோடு கொஞ்ச நேரம் அமர்ந்திருக்கலாம் என்று போயிருந்தேன். "புதிய செயலாளராக யாராவது..." என்று தலைவர் சுற்றிப் பார்த்தபோது மகள் என் தோளில் நித்திரை. வாயைத் திறந்து மறுத்தால் எழும்பிவிடுவாள் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னபோது இவர் சிரித்தார். "உமக்கு விசாவும் இல்லை. நீர்தான் நிரந்தரச் செயலாளர்."

எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. மண்டபம் எடுப்பது, கதிரை எண்ணி வைப்பது, தேத்தண்ணிக்குச் சொல்வது, பேச்சாளர்களைக் கூப்பிடுவது, பிறகு அவர்களை நிறுத்துவது என்று எல்லாம் என் தலையில். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பு, சித்திரம். புத்தக அலுமாரிக்கு இடம் இல்லாமல் அதுவும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டது. ஒரு நிகழ்ச்சி முடிந்து வந்தால் இரவெல்லாம் யோசிப்பேன்: அந்தக் கவிஞரை ஐந்து நிமிடத்தில் மணி அடித்து இருத்தினேனே, மனம் நொந்திருப்பாரோ? இவரை எழுப்பிக் கேட்டால், "நொந்தால் அடுத்த முறை வரமாட்டார், நல்லதுதானே" என்று மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

நாங்கள் இருந்தது கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில். ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். கீழே வீட்டுக்கார அன்ரி தனியாக இருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்த கையோடு கொழும்புக்கு வந்தவ. புருஷன் இல்லை, பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். மூக்குத்தி போட்ட, குரல் பெருத்த மனுஷி. வெள்ளிக்கிழமைகளில் வடையோ மோதகமோ செய்தால் மகளுக்கு ஒரு கிண்ணம் மேலே வரும்.

போன் அன்ரியின் வீட்டில்தான். எங்களுக்குக் கோல் வந்தால் படியடியில் நின்று, "பிள்ளை! உங்களுக்குக் கோல்!" என்று கூப்பிடுவா. நான் ஓடி இறங்கிப் போய்க் கதைப்பேன். அன்ரி அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பா.

ஒருநாள் அன்ரி கோயிலுக்குப் போயிருந்தா. போன் அடித்தது. நானே போய் எடுத்தேன்.

"வணக்கம். இயக்கத்தின் தலைவர் பேசுகிறேன்."

நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். அன்ரி எடுத்திருந்தால்? லைனில் வேறு யாரும் கேட்டுக்கொண்டிருந்தால்? இந்தக் குரலைக் கேட்டு ஆர் எங்கள் தலைவருக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் போனில் சில சொற்கள் பாவிக்கக்கூடாது என்று சொன்னேன். இரவிரவாக யோசித்துத் தயார்செய்திருந்தேன். இயக்கம் என்று சொல்லாமல் 'எங்கட ஆக்கள்' என்று சொல்ல வேண்டும். சஞ்சிகையை 'சாமான்' என்று சொல்ல வேண்டும். கவியரங்கம் என்றால் போனில் கேட்கிறவனுக்கு கவி அரங்கமா போர் அரங்கமா என்று விளங்காது, ஆகவே 'விசேஷம்'.

"என்னை எவ்வாறு அழைப்பதாக உத்தேசம்?" என்றார் தலைவர்.

"பெரியவர் எண்டு, ஐயா."

அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

மருதானைக் கவிஞர் என்று நாங்கள் சொல்பவர், அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். கடைக்குப் பக்கத்து அச்சகத்தில்தான் எங்கள் சஞ்சிகை அச்சாகும். அதை இறக்கி ஏற்றுகிற பொறுப்பு முழுதும் அவருடையது. அவர் மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி சொல்றது சரி. காலம் அப்பிடி. ஆரும் கேட்டா பொதிக்கு உள்ளுக்கு என்ன ஈக்கி எண்டு நான் செல்ல மாட்டன்" என்றார். 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி' ஆகும், 'சொல்ல' 'செல்ல' ஆகும்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்ப்பதுபோல இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். இவர் எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இஞ்சரும், முந்தி எனக்குப் பயமில்லை. இப்பத்தான் பயமாக் கிடக்கு" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு சில கிழமைகள் எங்கள் போன் உரையாடல்கள் ஒழுங்காக, பாதுகாப்பாக நடந்தன. ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சஞ்சிகை வெளியீட்டுக்கு முன்னர் வில்லுப்பாட்டு வைப்பதாக இருந்தோம். வில்லுப்பாட்டுக் குழு என்றால் எல்லோரும் கோட்டையில் வங்கி வேலை. அவர்களில் ஒருவரோடு கதைத்தேன்.

"இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. பெரியவர் ஞாயிறு கட்டாயம் வாறார். ஓம், கொட்டாஞ்சேனையிலயிருந்துதான். சாமான் அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மருதானையிலயிருந்து வரும். ஆர் கொண்டுவாறது எண்டு போனில வேண்டாம். உங்கட ஆக்களுக்குப் பயிற்சி முடிஞ்சுதோ? அப்ப சரி. விசேஷத்தை நல்லாச் செய்துபோடுவம்."

அன்ரி அன்றைக்குப் போன் வைத்திருந்த சின்ன மேசையை வெகுநேரம் துடைத்தா.

அந்த வெள்ளிக்கிழமை வடை வரவில்லை. அடுத்த கிழமை அன்ரி மேலே ஏறி வந்தா. முழங்கால் நோவென்று படி ஏறாதவ. முன்னறையில் அலுமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளை, மாசம் முடிய வேற இடம் பாருங்கோ."

"ஏன் அன்ரி? நாங்கள் ஏதும்..."

"ஒண்டுமில்லை. எனக்கு வயசு போட்டுது. அவ்வளவுதான்."

இறங்கிப் போய்விட்டா.

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அனெக்ஸ் கிடைப்பது லேசில்லை. யாழ்ப்பாண அடையாள அட்டை என்றால் சிங்களவர்களும் யோசிப்பார்கள், தமிழர்கள் அதைவிடக் கூட யோசிப்பார்கள். புது வீடு என்றால் பொலிஸில் புதிதாகப் பதிய வேண்டும், ஆர், எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று முதலிலிருந்து தொடங்கும். இந்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு வந்தால் பொலிஸாருக்கே எங்கள் முகம் பழக்கம். ஒருவர் மகளைக் கண்டால் "நங்கி", தங்கச்சி, என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். மகளின் நேர்சரி நடந்து போகிற தூரம். இதெல்லாம் போய்விடும். அலுமாரியும் போய்விடும். இயக்கத்துக்கு இந்த முன்னறையைத் தவிர வேறு முகவரி கிடையாது.

எதற்காக வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் எல்லாவற்றையும் நினைத்தேன். விடிய எழும்பித் தேங்காய் திருவுகிற சத்தமோ? அன்று முதல் துருவலையைத் துவாய்த் துண்டுக்கு மேல் வைத்துத் திருவினேன். மகள் கட்டிலிலிருந்து குதிப்பதோ? வீட்டுக்குள் அவளுக்குக் காலுறை போட்டேன். வழுக்கி விழுந்து, முன்னையைவிடப் பெரிய சத்தம். அன்ரியின் கறிவேப்பிலைக் கன்றில் கேட்காமல் இரண்டு இணுக்கு ஒடித்திருந்தேன். கீழே போய் அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"கறிவேப்பிலையோ? எடுங்கோ, எடுங்கோ" என்று அன்ரி பின்னுக்கு நகர்ந்தா. நான் கறிவேப்பிலை என்று சொன்னதிலும் ஏதோ இருப்பதுபோல என்னைப் பார்த்தா.

"நேரடியாக் கேட்டுப் பாருமன்" என்றார் இவர்.

"கேட்டாக் கோவிப்பா."

"கோவிச்சா என்ன செய்வா? எழுப்பி விடுவாவோ?"

இரண்டு மூன்று வீடுகள் போய்ப் பார்த்தோம். கல்கிசையில் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "விசிட்டர்ஸ் வருவினமோ?" என்றார். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. வருவார்கள் என்றேன். "என்ன மாதிரி ஆக்கள்?" கவிஞர்கள் என்றேன். அவர் கேற்றை மெதுவாகச் சாத்தினார்.

வெளியீட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் மகளை நேர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினேன். எங்கள் கேற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, அடுத்த வீட்டு மதிலோரமாக, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டு அன்ரி இருந்தா. மடியில் கைப்பை. கைப்பைக்கு மேல் காலமான அங்கிளின் சட்டம் போட்ட படம். கண்ணை மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தா.

"அன்ரி, என்ன இதில இருக்கிறியள்?"

கண் திறந்தது. "உள்ளுக்குப் போகாதேங்கோ!"

"ஏன்?"

"உங்கட சாமான் வந்திருக்கு."

எனக்கு மனம் குளிர்ந்தது. சஞ்சிகை சொன்ன நாளில் வந்தது எங்கள் வரலாற்றில் அதுதான் முதல்தடவை. "எங்க அன்ரி வைச்சிருக்கிறியள்?"

"தொட்டிக்குள்ள."

"எந்தத் தொட்டி?"

"உடுப்புத் தோய்க்கிற தொட்டி. தண்ணிக்குள்ள போட்டா வெடிக்காதாம்."

அதற்குப் பிறகு அன்ரி சொன்னதை நான் நின்று கேட்கவில்லை. பின்வளவுக்கு ஓடினேன். பின்னால் மகள் ஓடிவந்தாள். அதற்குப் பின்னால், "பிள்ளையைப் பிடியுங்கோ! ஐயோ, பிள்ளையைப் பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டு, படத்தையும் கைப்பையையும் அணைத்தபடி அன்ரி. முழங்கால் நோவு எங்கே போனதோ தெரியாது.

சீமெந்துத் தொட்டி நிறையத் தண்ணீர். அடியில் பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய பொதி. மேலே அம்மிக்குழவி. பொதி மிதந்து வரக்கூடாது என்று அன்ரி பாரம் வைத்திருந்தா. முழங்கைவரை கைவிட்டுத் தூக்கினேன். தாள் கிழிந்தது. எங்கள் அட்டைப்படத்தின் சிவப்பு என் கையெல்லாம் ஒழுகியது. அன்ரி அந்தச் சிவப்பைக் கண்டு "முருகா!" என்று கண்ணைப் பொத்தினா.

"அன்ரி, இது சஞ்சிகை!"

"என்னது?"

"சஞ்சிகை. கதை, கவிதை. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு."

அன்ரி ஒரு கண்ணைத் திறந்தா. நனைந்த ஒரு பிரதியை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். உள்ளே மருதானைக் கவிஞரின் கவிதை.

"அப்ப, கொண்டுவந்த மனுசன் ஏன் அப்பிடிச் சொன்னவர்? என்ன இது எண்டு கேட்டன். 'சாமான். உள்ளுக்கு என்ன ஈக்கி எண்டு செல்லப்படாதாம். தூக்கிப் போடாதீங்க, நெருப்புக்கிட்ட வைக்காதீங்க' எண்டு சொல்லிப்போட்டு ஓட்டோவில ஏறிப் போட்டார்."

"நான்தான் அன்ரி அப்பிடிச் சொல்லச் சொன்னனான்."

"அப்ப பெரியவர்?"

"எங்கட தலைவர்."

அன்ரியின் கை நெஞ்சுக்குப் போனது. "எந்தத் தலைவர்?"

"கொட்டாஞ்சேனைத் தலைவர், அன்ரி. ரிட்டயர்ட் கல்வி அதிகாரி. சீனி வருத்தம். தேத்தண்ணிக்கு அரைக் கரண்டிதான் போடுறவர்."

"பயிற்சி?"

"வில்லுப்பாட்டு."

அன்ரி தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டா. "உங்கட மகள் வந்து என்ர காதுக்குள்ள சொன்னவள், 'பெரியவர் வாறது ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அம்மா சொன்னவ' எண்டு. அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை, பிள்ளை."

மகள் தொட்டிக்குள் கைவிட்டுச் சிவப்புத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்ரிக்கு வரவில்லை. ஆகவே நானும் அடக்கிக்கொண்டேன். நல்லகாலம் அடக்கினேன். அதற்குப் பிறகுதான் அன்ரி சொன்னா. எங்களுக்கு முன் மேல்மாடியில் ஒரு பெடியன் இருந்தானாம். கம்பியூட்டர் படிக்க வந்தவன், குனிந்த தலை நிமிராதவன். ஒருநாள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்ரியையும் கூட்டிப்போய்ப் பொலிஸ் நிலையத்து மரவாங்கில் காலையிலிருந்து பொழுதுபடும்வரை இருத்தி வைத்தார்கள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். உண்மையாவே தெரியாது. வீட்டுக்காரிக்கு எப்பிடித் தெரியாமல் போகும் எண்டு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் நான் போனடியில நிக்கிறது. விடுப்புப் புதினம் அறிய இல்லை. எனக்குத் தெரிய வேணும், பிள்ளை. அடுத்த முறை கேட்டா, தெரியும் எண்டு சொல்லவேணும்."

"பொலிஸுக்குச் சொல்லாமல் ஏன் நீங்களே தூக்கித் தொட்டிக்குள்ள..."

"சொன்னா முதல்ல ஆரைக் கொண்டுபோவாங்கள்? என்னை. பிறகு உங்களை. பிறகு இந்தச் சின்னனை ஆர் பார்க்கிறது?"

வெடிக்கும் என்று நம்பிய ஒன்றை இந்த மனுஷி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்திருக்கிறா. வீட்டு விஷயத்தைக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகு அதைக் கேட்பது சுயநலம்போல இருந்தது. கேட்காமல் விட்டதும் பிழையோ என்று படி ஏறும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

சனிக்கிழமை முழுதும் சஞ்சிகை காய்ந்தது. உடுப்புக் கொடியில், மாடிப்படிக் கம்பியில், அன்ரியின் ஜன்னல்களில், புத்தக அலுமாரியின் கதவுகளில். கடற்காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றுக்கும் மகள் கிளிப் போட்டாள். செய்தி கேட்டு மருதானைக் கவிஞர் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். தன் கவிதை இருந்த பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். மை கரைந்து ஓரமெல்லாம் நீலம்.

"என்ட கவிதை கடலப் பத்தினது. பொருத்தம்தான்" என்றார். பிறகு அன்ரியிடம் திரும்பி, "உம்மாவுக்கு நல்ல தைரியம். நானெண்டா போட்டுட்டு ஓடியிருப்பன்" என்றார். அன்ரிக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது.

இவர் ஒருநாளும் இல்லாமல் வேலை செய்தார். பக்கங்களை ஒட்டாமல் பிரித்துக் கொடுப்பது இவர் வேலை. கீழ் அறையில் மேசைக்குப் போர்வை விரித்து, அயன்பெட்டியோடு அன்ரி நின்றா. காய்ந்தும் சுருங்கிக் கிடந்த பிரதிகளை மினுக்கத் தொடங்கினா. சேலை மினுக்குவதுபோல ஓரம் ஓரமாக, மெதுவாக. முதலில் வேகமாகப் போனது. போகப்போக வேகம் குறைந்தது. ஏனென்று பார்த்தால் அன்ரி வாசித்துக்கொண்டு மினுக்குகிறா.

"இது நீங்கள் எழுதினதோ?"

அந்த இதழில் என் சிறுகதை ஒன்று இருந்ததை அந்த அமளியில் மறந்தேபோனேன். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாயின் கதை.

"ஓம் அன்ரி. சும்மா ஒரு கதை."

"இதில வாற வீட்டுக்காரி ஆர்?"

"அது கற்பனை."

"கற்பனையான வீட்டுக்காரிக்கும் மூக்குத்தி கிடக்கு."

அயன்பெட்டி அந்தப் பக்கத்திலேயே நின்றது. பக்கம் கருகப்போகிறது என்று சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம். இவர் தலையைக் குனிந்து பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"மூக்குத்தியையும் குரலையும் பற்றியெல்லாம் எழுதியிருக்கு. ஆனா கடைசியில குழந்தைக்குக் காய்ச்சல் எண்டவுடன ரசம் வைச்சுக்கொண்டு படி ஏறி வாறா." அன்ரி பக்கத்தைப் புரட்டினா. "நான் எழும்பச் சொன்னதுக்கு முன்னம் எழுதினதோ, பிறகு எழுதினதோ?"

"முன்னம், அன்ரி."

"ம்" என்றுவிட்டு அடுத்த பிரதியை எடுத்தா. அந்த 'ம்' என்னவென்று இரவு இவரிடம் கேட்டேன். "நல்ல ம்தான், இப்பப் படுத்து நித்திரை கொள்ளும்" என்றார். கெட்ட ம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதற்குள் நித்திரையாகிவிட்டார்.

ஞாயிறு பின்னேரம் ரியூஷன் சென்ரர் மண்டபத்தில் வெளியீடு. எல்லாக் கதிரைகளும் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றார்கள். நனைந்த கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. எங்கள் எந்த விளம்பரமும் இவ்வளவு ஆட்களைக் கொண்டுவந்ததில்லை. அன்ரி நல்ல சேலை உடுத்து, முன்வரிசையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

எங்களிடம் ஒரு வழக்கம். புத்தகமோ சஞ்சிகையோ வெளியிட்டால் முதற் பிரதியை மேடையில் வைத்து ஒரு பிரமுகருக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் நகைக்கடைக்காரர், புடவைக்கடைக்காரர். அந்த முறை நான் யாரை ஒழுங்குசெய்தேன் என்பது முக்கியமில்லை. தலைவர் என்னைக் கேட்காமலே மாற்றிவிட்டார்.

"இவ்விதழ் சற்றுத் தடிப்பாக இருப்பதைக் காண்பீர்கள். எம் இயக்கத்தின் வரலாற்றிலேயே கனமான இதழ் இதுதான்" என்று தொடங்கினார். சிரிப்பு. "இதன் முதற் பிரதியை, இதற்குக் கும்பாபிஷேகம் செய்வித்த அம்மையாரையே பெற்றுக்கொள்ளுமாறு அழைக்கிறேன்."

அன்ரி என்னைப் பார்த்தா. கோபமோ, தெரியவில்லை. மகளை என்னிடம் தந்துவிட்டு மேடைக்கு ஏறினா. தலைவர் குனிந்து இரண்டு கையாலும் பிரதியைக் கொடுத்தார். அன்ரி அவரை ஏற இறங்கப் பார்த்து, மைக்குக்குக் கேட்கும்படி, "நீங்களோ பெரியவர்?" என்றா. மண்டபம் அதிர்ந்தது.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எனக்குப் பேசத் தெரியாது" என்றா. பேசத் தெரியாது என்று சொல்லி அரைமணித்தியாலம் பேசுகிறவர்களைத்தான் அந்த மேடை கண்டிருக்கிறது. என் கை மணிக்குப் போனது. "நான் இதைத் தண்ணிக்குள்ள போட்டனான். பிறகு மினுக்கினனான். மினுக்கேக்க வாசிச்சனான். எல்லாம் நல்லம். கடைசிக் கதைதான் முடிவு காணாது, இன்னும் கொஞ்சம் வேணும்" என்றுவிட்டு இறங்கினா.

கடைசிக் கதை தலைவருடையது. அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆரோக்கியமான விமர்சனம்" என்றார்.

மண்டபத்திலிருந்து வீடுவரை அன்ரியோடு நடந்து வந்தோம். காலி வீதிச் சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். அன்ரி முதற் பிரதியை எடுத்து நீட்டி, "பொத்த மாத்தயா, பொத்த", புத்தகம் ஐயா, புத்தகம் என்று சிங்களத்தில் சொன்னா. அவன் ஒரு பக்கத்தைப் புரட்டி, வீங்கிப்போன தாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். வீட்டைப் பற்றிக் கேட்க அது நல்ல நேரம். கேற்றைத் திறந்தபோது வாயைத் திறந்தேன்.

"அன்ரி, இந்த மாசக் கடைசி..."

"நாளைக்குக் கதைப்பம், பிள்ளை. கால் உழைஞ்சு நோகுது" என்று கதவைச் சாத்திவிட்டா.

இரவிரவாக அந்த 'நாளைக்குக் கதைப்பம்' என்னோடு படுத்திருந்தது. விடிந்ததும் தேங்காய் திருவவில்லை. பாண் வாங்கிச் சமாளித்தோம். மகளுக்குக் காலுறை போட்டேன். இவர் வேலைக்குப் போகப் படி இறங்கும்போது சத்தம் போடாமல் இறங்கச் சொன்னேன். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஒன்பது மணியிருக்கும். கீழே போன் அடித்தது. அன்ரி எடுத்த சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெருத்த குரல், படியடியிலிருந்து அல்ல, முற்றத்தில் வந்து நின்று, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி:

"பிள்ளை! இயக்கத்திலயிருந்து கோல்!"

நான் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அன்ரி, மெல்ல, மெல்ல..."

"என்னத்துக்கு மெல்ல? இயக்கக்காரன் ஒருத்தனும் போனில இயக்கம் எண்டு சொல்லமாட்டான். இனிமேல் இந்த வீட்டில எல்லாம் உள்ள பேரில சொல்லுறது. சாமானும் இல்லை, விசேஷமும் இல்லை. விளங்கிச்சுதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். இந்த முறை ஓம் என்றுதான் ஆட்டினேன்.

அன்ரி உள்ளே போய்ப் போனை எடுத்தா. மறுமுனையில் தலைவரின் மேடைத் தமிழ் எனக்கும் கேட்டது. செயலாளர் வீடு மாறப்போவதாகக் கேள்விப்பட்டாராம், புத்தக அலுமாரியை எங்கே கொண்டுபோவது என்று வினவுகிறார்.

"ஆர் சொன்னது?" என்றா அன்ரி. "அவ இஞ்சதான் இருக்கிறா. அலுமாரியும் இஞ்சதான். பிறகு, தலைவர், உங்கட கதையின்ர முடிவைப் பற்றி நான் யோசிச்சுப் பார்த்தனான்..."

போன் என் கைக்கு வர வெகுநேரமாகியது. நான் பக்கத்தில் நின்று அந்தச் சின்ன மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.